ரேகை விழவில்லை

1

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெங்களூரில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். போனில் ஒரு ஓடிபி வந்து விழுந்தது. நான் எதையும் வாங்கவில்லையே, எவனோ ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்து முடிப்பதற்குள் அழைப்பு. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரர்.

"தம்பி, அப்பத்தாவுக்கு ரேகை விழல. ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. சொன்னீகன்னா பில்லப் போட்டுருவேன்."

சொன்னேன். அப்பத்தாவுக்கு அரிசி கிடைத்தது. மீட்டிங்கில் நான் எந்த இடத்தில் விட்டேன் என்பது மறந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

ராத்திரி போன் செய்தபோது, "மிஷின் மக்கர் பண்ணுச்சா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"மிஷினுக்கு என்ன, அது நல்லாத்தேன் இருக்கு. என் வெரல்லதான் ஒண்ணும் இல்லையாம். தேஞ்சு போச்சுங்கிறாக." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார்: "எங்கய்யா காலத்துல ரேகை புடிக்க வாராகன்னு மலைக்கு ஓடுனாக. இப்ப ரேகை இல்லாட்டி அரிசி இல்லங்கிறாக. என்ன கூத்து பாரு."

நான் சிரித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. எனக்கு அது ஒரு தொழில்நுட்பக் கோளாறு. சரியான ஆளைத் தவறான ஆள் என்று இயந்திரம் தள்ளிவிடுவதற்கு எங்கள் துறையில் தனிப் பெயரே உண்டு. அப்பத்தாவுக்கோ அது அவருடைய அய்யா காலத்திலிருந்து நடந்துவரும் ஒரே கதையின் அடுத்த பாகம். அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் உண்மைதான்.

2

கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1858 ஜூலை. சிப்பாய்க் கலகம் அடங்கிக்கொண்டிருந்த நேரம். ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் வெள்ளைக்கார அதிகாரி சாலை போடுவதற்கான கல் சப்ளைக்கு ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் செய்கிறார். கோனாய் கையெழுத்துப் போட வரும்போது ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை. ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த மையை அவர் உள்ளங்கையில் பூசி, ஒப்பந்தத் தாளின் பின்புறம் முழுக் கையையும் அழுத்தி எடுத்துக்கொள்கிறார். பிற்பாடு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று மறுத்துப் பேசும் எண்ணமே அவருக்கு வரக்கூடாது, கொஞ்சம் மிரட்டி வைப்போம் என்பதுதான் நோக்கம். ஹெர்ஷலே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார்.

அப்போது ரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் அறிவியல் எதுவும் கிடையாது. இருந்தது சந்தேகம் மட்டும். இவர்கள் பொய் சொல்வார்கள் என்ற சந்தேகம். தொழில்நுட்பம் பின்னால் வந்தது.

ஹெர்ஷல் விடாமல் ரேகைகளைச் சேகரித்தார், தன் ரேகையையும் சேர்த்து. ஆண்டுகள் ஓடினாலும் அவை மாறுவதில்லை என்று கண்டார். 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது மூன்று இடங்களில் ரேகையைப் புகுத்தினார்: சிறை, பத்திரப்பதிவு, பென்ஷன். ஆள் இறந்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பென்ஷன் பணத்தை வாங்கிப் போவதைத் தடுக்க, பணம் வாங்கும்போது விரலை வைக்கச் சொன்னார். இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2014-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' திட்டத்தில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க விரலை வைக்கிறார்களே, அதே வேலைதான். அரசு கொடுக்கும் பணத்துக்கும் விரலுக்கும் முடிச்சுப் போடப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆகப் போகிறது.

ஹெர்ஷலின் முறையைப் பரவலாக்க வங்காள அரசு அப்போது சம்மதிக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பத்தாயிரம் ரேகைத் தாள்களைச் சேர்த்து வைக்கலாம். அதில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி?

3

அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு மென்பொருள்காரனுக்கு மட்டும் கிடைக்கும் தனி மகிழ்ச்சி இருக்கிறது. 1890-களில் வங்காளப் போலீஸ் தலைவராக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. அவர் பெயரால் 'ஹென்றி முறை' என்று உலகம் அழைப்பதை உருவாக்கியதில் பெரும்பங்கு அவரிடம் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களுக்கு உண்டு. ஒருவர் அஜிஜுல் ஹக், கணிதம் படித்தவர். இன்னொருவர் ஹேம் சந்திர போஸ்.

முறை இதுதான். பத்து விரல்களிலும் சுழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார். விரல்களை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடி. முதல் ஜோடியில் சுழி இருந்தால் 16, அடுத்ததில் 8, பிறகு 4, 2, 1. இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகை மேலே, ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகை கீழே, இரண்டோடும் ஒன்றைக் கூட்டி ஒரு பின்னமாக எழுது. 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1,024 பிரிவுகள். அலமாரியில் 1,024 அறைகள். புதிதாக ஒரு ரேகை வந்தால் எல்லாத் தாள்களையும் புரட்ட வேண்டாம், உரிய அறைக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் புரிந்திருக்கும். 16, 8, 4, 2, 1. பைனரி! ஒரு மனிதனைப் பத்து பிட் எண்ணாக மாற்றியிருக்கிறார்கள், மின்சாரம் இல்லாமல், மர அலமாரியில். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு இது போய்ச் சேர்ந்தது 1901-ல்தான். ஹென்றிக்கு சர் பட்டம் கிடைத்தது. ஹக்குக்கும் போஸுக்கும் பல வருடங்கள் கழித்து ஆளுக்கு ஒரு பட்டமும் கொஞ்சம் சன்மானமும்.

'டிஜிட்டல்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் விரலைக் குறிக்கும் சொல் என்பது பழைய தகவல். ஆனால் அரசு ஒன்று தன் மக்களை எண்களாக்கித் தேடக் கற்றுக்கொண்டதில் விரல்களுக்கு இருந்த பங்கு, அந்தச் சொற்பொருத்தத்தைத் தாண்டிய விஷயம்.

4

ஹென்றி 1900-ல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார், ஜோஹன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் போலீஸை ஒழுங்குபடுத்த. ரேகையும் கூடவே போனது. 1906-ல் டிரான்ஸ்வால் அரசு, அங்கிருந்த ஆசியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், கேட்கும்போதெல்லாம் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடி அதற்குப் பணியமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். சத்தியாகிரகம் என்று பின்னால் பெயர் பெற்றது அங்கே பிறந்தது. உப்புக்கு முன்னால், நூலுக்கு முன்னால், ரேகைக்கு எதிராக.

சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். காந்தியோடு 1908 ஜனவரியில் சிறை சென்ற தம்பி நாயுடு அவர்களில் முக்கியமானவர்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் பகுதி. காந்தி ஸ்மட்ஸோடு சமரசத்துக்கு வந்தார். இந்தியர்கள் தாங்களாக முன்வந்து பதிவு செய்வது, பதிலுக்குக் கட்டாயச் சட்டம் போய்விடும் என்று அவர் புரிந்துகொண்டார். 1908 பிப்ரவரி 10 அன்று ரேகை கொடுக்கக் கிளம்பிய காந்தியை வழியில் மறித்து, துரோகம் செய்துவிட்டதாகக் கருதிய சொந்த ஆட்களே அடித்து வீழ்த்தினார்கள். அடி வாங்கிய நிலையிலும் அன்றே ரேகை கொடுத்தார். கட்டாயத்தின் பேரில் கொடுத்தால் இழிவு, விரும்பிக் கொடுத்தால் இழிவில்லை என்பது அவர் வாதம். ஆனால் சட்டம் நீக்கப்படவில்லை. ஆகஸ்டில் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

விரலில் இருப்பது அதே ரேகைதான். விருப்பத்தின் பேரில் என்று சொல்லி வாங்கியது பிறகு கட்டாயமாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது.

5

இனி அப்பத்தாவின் அய்யா காலம்.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் வந்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஆண்கள் ரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் எவ்வளவு நீளமான பெயர் இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: ரேகைச் சட்டம். ஜனங்கள் சட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது தங்களுக்கு வலித்த இடத்தைத்தான் பெயராக வைக்கிறார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூருக்கு ரேகை எடுக்க அதிகாரிகள் போலீஸ் படையோடு வந்தார்கள். ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவராக ஊர் நினைவில் நிற்கும் மாயக்காளும் அவர்களில் ஒருவர். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜாலியன்வாலாபாக் பற்றி நான்கு வகுப்புகளில் படித்தேன். பஸ்ஸில் போனால் எட்டிவிடும் பெருங்காமநல்லூரைப் பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் இல்லை.

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நீங்கியது. ஓடிப்போய் மலையில் படுத்துக் கிடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் கிழவர்களும் கிழவிகளும்.

இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது: 'கைநாட்டு'. எழுதத் தெரியாதவரைக் கேலி செய்யும் வசவு. கையெழுத்து படித்தவனுக்கு, ரேகை படிக்காதவனுக்கு என்று ஒரு நூறாண்டு பிரித்து வைத்திருந்தோம். இப்போது கலெக்டரும் விரலை வைக்கிறார், கைநாட்டும் விரலை வைக்கிறார். இதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

6

அந்த ஆசை அர்த்தமில்லாதது என்று சொல்லமாட்டேன்.

ஆதாரை உருவாக்குவதற்கான ஆணையம் 2009-ல் அமைந்தது. நந்தன் நிலகேணி தலைமை. முதல் எண்கள் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், தெம்ப்லி என்ற பழங்குடிக் கிராமத்தில் வழங்கப்பட்டன. தேர்ந்தெடுத்த இடமே ஒரு வாக்குறுதி. பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளிச் சான்றிதழ் இல்லை, வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வீட்டு முகவரிகூட இல்லை. அவர்களிடம் கேட்கக்கூடியது உடம்பு ஒன்றுதான். அது எல்லோரிடமும் இருக்கிறது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். நூறு கோடிப் பேரைத் திரும்பத் திரும்ப எண்ணாமல் ஒரே முறை எண்ணும் அமைப்பு என்பது எங்களுக்கு மூச்சை அடைக்கிற கணக்கு. 2016 ஏப்ரலில் அந்த நூறு கோடியைத் தொட்டும் விட்டார்கள்.

ஆனால் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். பதிவு செய்யும்போது பத்து விரல், இரண்டு கருவிழி எல்லாம் எடுத்து, இந்த ஆள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒன்று. அது வாழ்நாளில் ஒரு தடவை. ரேஷன் கடையில் மாதாமாதம் ஒரு விரலை வைத்து 'இவர் அவர்தானா' என்று கேட்பது இன்னொன்று. முதலாவது ஒருவரைக் கணக்குக்குள் கொண்டுவருகிறது. இரண்டாவது ஒவ்வொரு மாதமும் வாசலில் நின்று மறுபடி கேட்கிறது. அன்றைக்கு விரல் பேசாவிட்டால் அரிசி இல்லை.

விரல் ஏன் பேசாமல் போகிறது? வயதானால் தோல் உலர்ந்து தளர்ந்துவிடும். பாத்திரம் தேய்ப்பவர், செங்கல் சுமப்பவர், சிமெண்ட் கலப்பவர், பீடி சுற்றுபவர் எல்லோருக்கும் ரேகை மேடுகள் தேய்கின்றன. உழைத்தவன் விரல்தான் முதலில் அழிகிறது. யாருக்காக இந்தத் திட்டமோ அவர்களையே சரியாகத் தேர்ந்தெடுத்துத் தள்ளிவிடும் சல்லடை இது.

மத்திய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே சரிபார்ப்புத் தோல்விகளைப் பற்றிய மதிப்பீடுகளைத் தருகிறது: ஜார்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், குஜராத்தில் 6 சதவீதம். 2017 செப்டம்பரில் ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டை நீக்கிவிட்டார்கள், பல மாதமாக அரிசி கிடைக்கவில்லை என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அடுத்த மாதம், ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் உதவியை மறுக்கக்கூடாது, ரேகை விழாவிட்டால் இன்னின்ன மாற்று வழி என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. முதல் எண் வழங்கி ஏழு வருடம் கழித்து. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்பது செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்புக் கொடுத்தது. ஐவரில் ஒருவராக நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். ஒரு மனிதரின் உரிமையை இயந்திரத்தின் நிகழ்தகவுக் கணக்கில் தொங்கவிடக் கூடாது என்பது அவர் எழுதியதன் சாரம்.

7

நிகழ்தகவு என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல். அதனால் இதை நானே விளக்கிவிடுகிறேன்.

எந்த ரேகை இயந்திரமும் 'ஆம்', 'இல்லை' என்று கண்டுபிடிப்பதில்லை. இரண்டு ரேகைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு மதிப்பெண் போடும். எத்தனை மார்க் எடுத்தால் பாஸ் என்பதை ஒரு மனிதன் முடிவு செய்கிறான். பாஸ் மார்க்கை உயர்த்தினால் திருடன் நுழைவது குறையும், நேர்மையானவர் வெளியே நிற்பது கூடும். குறைத்தால் தலைகீழ். இரண்டையும் பூஜ்யமாக்கும் எண் உலகத்தில் கிடையாது. எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அரசியல் கேள்விக்கு, எங்கோ ஒரு கட்டமைப்புக் கோப்பில், ஒரு தசம எண்ணாகப் பதில் எழுதப்பட்டிருக்கிறது.

அதற்குப் பின்னால் இன்னொரு முடிவு இருக்கிறது. ஃபெயில் ஆனால் அடுத்து என்ன? நாங்கள் நிரல் எழுதும்போது எல்லாம் சரியாக நடக்கும் பாதைக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குவோம். நடக்காத பாதைக்குக் கடைசி நாள் சாயங்காலம். 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். நானும் போட்டிருக்கிறேன். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு வெயிலில் யாராவது நிற்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆந்திரத்தையும் ஜார்கண்டையும் ஒரே ஆராய்ச்சியாளர்கள், முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகிய மூவர், வேறு வேறு காலத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் ரேகை ஸ்மார்ட் கார்டு வந்தபோது பணம் சீக்கிரம் கிடைத்தது, இடையில் ஒழுகுவது குறைந்தது. கார்டு எடுக்காதவர்களுக்குப் பழைய வழியிலும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜார்கண்டில் கண்டிப்பு. அங்கே ரேகையைக் கட்டாயமாக்கியதால் ஒழுகல் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் ஆதார் இணைக்காதவர்களில் ஒரு பகுதியினர் அரிசியை இழந்தார்கள். ஆந்திரத்திலும் விரல்தான், ஜார்கண்டிலும் விரல்தான். ஃபெயில் ஆனவருக்கு என்ன ஏற்பாடு என்பதில்தான் இரண்டும் பிரிந்தன.

8

தமிழ்நாட்டில் அப்பத்தாவுக்கு அரிசி கிடைத்ததன் காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. யார் ஏழை என்று நிரூபிக்கும் வேலையே இங்கே மிச்சம். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020 அக்டோபரில் ரேகை வந்தது. ஆனால் ரேகை விழாவிட்டால் ஓடிபி உண்டு, வர முடியாதவர் வேறொருவரை அனுப்ப வழி உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தராசையும் மிஷினையும் வீட்டுவாசலுக்கே கொண்டுபோகிறார்கள். மனிதனை மிஷினிடம் வரச் சொல்லாமல் மிஷினை மனிதனிடம் அனுப்புவது. ஹெர்ஷலின் காலத்திலிருந்து பார்த்தால் இது சின்ன மாற்றமில்லை.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு நான் போனை எடுக்காமல் இருந்திருந்தால்? மீட்டிங்குக்காகப் போனை அணைத்து வைப்பவன்தான் நான். ஓடிபி என்பது படித்த பேரன் உள்ள கிழவிகளுக்கான மாற்று வழி. அப்பத்தா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவர் கார்டில் இருக்கும் நம்பர், திருப்பூருக்குப் போன மகனுடையது. அது எப்போதோ மாறிவிட்டது. அவருக்கும் இதுவரை அரிசி கிடைத்து வருகிறது. எப்படி என்று கேட்டேன். "அவரு எப்பிடியாச்சும் போட்டுக் குடுத்துருவாரு" என்றார் அப்பத்தா. கடைக்காரரைச் சொல்கிறார்.

அந்த 'எப்பிடியாச்சும்' என்ற சொல்லில்தான் அவர் சாப்பாடு இருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமை, கடைசி ஐந்தடியில் ஒருவருடைய நல்ல மனசாக மாறிவிடுகிறது.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பத்தாவோடு நானும் கடைக்குப் போனேன். விரல் விழாதவர்களுக்குக் கருவிழியைப் படம் பிடிக்கும் கருவி வந்திருந்தது. "கண்ண நல்லா முழிச்சுப் பாருங்க அப்பத்தா" என்றார் கடைக்காரர். அப்பத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று பார்த்தார். இரண்டாவது முறையில் பதிந்தது. பில் வந்தது. அரிசியைப் பையில் கொட்டும்போது கேட்டார்:

"ஏப்பா, நாளைக்கிக் கண்ணும் தேஞ்சு போச்சுன்னா?"

"அதுக்கென்ன அப்பத்தா, நான் இருக்கேன்ல."

அப்பத்தாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். நல்ல மனிதர். வேறு கடைக்கு மாற்றல் எப்போது வரும் என்று அவரிடம் கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டேன்.